நாலு மூலை மஞ்சள்

ஓடையடி மடத்தில் அது மஞ்சள் காய்கிற மாதம். வேகவைத்த மஞ்சளைக் களத்தில் பரப்பி, மணிக்கு ஒருதரம் புரட்டிவிட வேண்டும். அந்த வேலை தணிகாசலத்துடையது.

தணிகாசலத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. மடத்துச் சாமிக்கு நாற்பத்தாறு. சீடர் மூத்தவராகவும் குரு இளையவராகவும் இருந்ததில் இருவருக்கும் ஒரு சிரமமும் இல்லை. வந்த முதல் நாளே சாமி கேட்டார்.

"என்ன வேலை பார்த்தீங்க?"

"பத்திரிகை ஆசிரியருங்க."

"அப்பச் சரி. இங்க நான் சாமி, நீங்க ஆசிரியர்."

அன்றிலிருந்து மடத்தில் குரு சீடரை 'ஆசிரியரே' என்றுதான் கூப்பிடுகிறார். புதிதாக வருகிறவர்கள் யார் காலில் விழுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தடுமாறுவார்கள்.

தணிகாசலம் நடத்தியது 'கண்கொத்தி' என்ற வாரப் பத்திரிகை. எட்டே பக்கம். வெள்ளிக்கிழமை காலையில் சென்னியூர் பஸ் நிலையத்துப் பெட்டிக்கடையில் கிளிப் மாட்டித் தொங்கும். யார் வீட்டுக்குள் யார் போனார், எப்போது வெளியே வந்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். பத்தொன்பது வருஷம் நடந்தது. பிறகு ஊரில் ஆளுக்கொரு செல்போன் வந்தது. வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லாமல் போயிற்று. கண்கொத்தி கண்ணை மூடியது. அதற்கு முன்பே மனைவி போய்ச் சேர்ந்திருந்தாள். மகள் மேகலை சித்தப்பா வீட்டில் இருந்து வேலைக்குப் போய்வந்தாள். தணிகாசலம் ஒரு பையோடு மடத்துக்கு வந்துவிட்டார்.

அன்று காலை வெளியூர்க்காரர் ஒருவர் மனைவியோடு சாமியைப் பார்க்க வந்தார். களத்தைத் தாண்டும்போது மெதுவாகச் சொன்னார்.

"அதா குனிஞ்சு புரட்டறாரே, அவருதான் மஞ்சள் பத்திரிகைக்காரரு."

"மஞ்சளைத்தான புரட்டறாரு?" என்றாள் அந்த அம்மாள்.

"இது வேற மஞ்சள். நீ சும்மா வா."

அவர் மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்திருப்பார். ஆனால் பத்தொன்பது வருஷம் பிறர் மெதுவாகப் பேசுவதைக் கேட்டே பத்திரிகை நடத்தியவரின் காது அது. தப்பவில்லை.

வந்தவர்கள் போனதும் தணிகாசலம் கையைத் துடைத்துக்கொண்டு சாமியிடம் போனார்.

"சாமி, ஒரு சந்தேகமுங்க."

"கடவுளைப் பத்தியா?"

"மஞ்சளைப் பத்திங்க."

சாமி சந்தோஷமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "கேளுங்க. அது நமக்குக் கொஞ்சம் தெரிஞ்ச சமாசாரம்."

"பிள்ளையாரையே மஞ்சள்லதான் பிடிச்சு வைக்கிறோம். தாலிக் கயித்துக்கு மஞ்சள். புதுச் சட்டை எடுத்தா மூலையில ஒரு பொட்டு மஞ்சள். நல்ல காரியம் அத்தனைக்கும் மஞ்சள். என் தொழிலை மட்டும் மஞ்சள் பத்திரிகைன்னு ஏனுங்க திட்டறாங்க? நாங்க அடிச்சது கறுப்பு மையில. அப்படி மஞ்சள் என்னதான் பாவம் பண்ணுச்சு?"

சாமி மடத்துக்கு வருமுன் ஒரு நூலகத்தில் புத்தகம் அடுக்குகிற வேலையில் இருந்தவர். அடுக்கும்போதெல்லாம் படித்தும் வைத்திருந்தார்.

"அது நம்ம களத்து மஞ்சள் இல்லீங்க ஆசிரியரே. கப்பல்ல வந்த மஞ்சள்."

"அப்படிங்களா?"

"நூத்திச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால, அமெரிக்காவுல ஒரே ஊர்ல ரெண்டு பெரிய பத்திரிகை. ஒண்ணுல ஒரு பொடியன் படம் வரும். மொட்டைத் தலை. கணுக்கால் வரைக்கும் தொளதொளன்னு ஒரு சட்டை. மஞ்சள் சட்டை."

"மொட்டைன்னா, வேண்டுதலுங்களா?"

"பேன். அந்த ஊர்லயும் பேனுக்கு மருந்து அதேதான்."

தணிகாசலம் சிரித்தார்.

"பொடியனைப் பார்க்கவே ஜனங்க பத்திரிகை வாங்குனாங்க. எதிர்ப் பத்திரிகை முதலாளி பார்த்தாரு. படம் போடறவரையே தன் பக்கம் இழுத்துக்கிட்டாரு."

"நானா இருந்தாலும் அதைத்தானுங்க பண்ணியிருப்பேன்."

"தெரியும். முதல் முதலாளி விட்டாரா? வேற ஆளை வச்சு அதே பொடியனை வரையச் சொன்னாரு. ஆக ரெண்டு பத்திரிகையிலும் ரெண்டு மஞ்சச் சட்டை. ரெண்டும் ஒண்ணையொண்ணு முந்தணும்னு இருக்கறது இல்லாதது எல்லாத்தையும் கொட்டை எழுத்துல போட்டுக் கூவுச்சு. ஊரே ரெண்டையும் சேர்த்து மஞ்சள் பத்திரிகைன்னு பேர் வச்சிருச்சு. நம்மாளுங்க அதை அப்படியே தமிழ்ல இறக்கிக்கிட்டாங்க."

தணிகாசலத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அட, ஒரு சட்டையோட சாயந்தானா! இதுக்குப் போயா நான் மனசைக் கெடுத்துக்கிட்டேன்?" என்று எழுந்தார்.

"ஒண்ணு விட்டுப் போச்சு," என்றார் சாமி.

"சொல்லுங்க."

"அந்தப் பொடியன் வாயைத் திறந்து பேச மாட்டான். அவன் பேசறதா இருக்கற பேச்செல்லாம் அவன் சட்டை மேலயே எழுதியிருக்கும்."

"படிக்கறவங்களுக்குச் சௌகரியமுங்க."

"எழுதறவங்களுக்கும்." சாமி களத்துப் பக்கம் பார்த்தார். "நீங்க எத்தனை பேர் சட்டையில எழுதியிருப்பீங்க ஆசிரியரே?"

தணிகாசலம் களத்துக்குப் போய், சற்று முன் புரட்டிய மஞ்சளை மறுபடியும் புரட்டினார்.

மறுநாள் மேகலை ஸ்கூட்டரில் வந்தாள். பின் இருக்கையில் ஒரு அட்டைப்பெட்டி கட்டியிருந்தது. கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. இன்னும் இருபது நாளில் முகூர்த்தம். அப்பாவும் மகளும் களத்தோரம் உட்கார்ந்து மஞ்சளைக் குழைத்து மூலைக்கு மூலை தடவினார்கள்.

தணிகாசலத்துக்குச் சந்தோஷத்தில் கை நிற்கவில்லை. அள்ளி அள்ளித் தடவினார்.

"அப்பா! மூலையில மட்டும் வைங்க. இதுல பாருங்க, மாப்பிள்ளை பேரே போயிருச்சு."

"மங்கலந்தான கண்ணு."

"மாப்பிள்ளை யாருன்னு தெரியாத மங்கலம் யாருக்குங்க வேணும்?"

பத்துப் பதினைந்து தடவி முடித்ததும் மேகலை ஒரு பத்திரிகையைத் தனியாக எடுத்து அப்பா மடியில் வைத்தாள். உறை மேல் அவள் கையெழுத்து: தையல்நாயகி டீச்சர், வாய்க்கால் தெரு.

"கோயிலுக்கு வச்சாச்சுங்க. மனுசங்கள்ல முதல் பத்திரிகை இது. நீங்கதான் போய்க் குடுக்கணும்."

தணிகாசலத்தின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது.

பதினான்கு வருஷத்துக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை, கண்கொத்தியின் முதல் பக்கத்தில் இப்படி வந்தது: 'வாய்க்கால் தெரு கணக்கு டீச்சர் வீட்டுக்கு இருட்டியதும் வரும் ஆறடி மர்ம ஆசாமி யார்?' டீக்கடையில் ஒருவர் சொன்னதைக் கேட்டு எழுதியது. ஆறடி மட்டும் தணிகாசலத்தின் சொந்தச் சேர்க்கை. மர்ம ஆசாமி குட்டையாக இருந்தால் எடுபடாது. கடைசியில் இருக்கும் கேள்விக்குறி தொழில் ரகசியம். கேள்விதான் கேட்டோம், குற்றம் சாட்டவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். பத்தொன்பது வருஷம் அந்தக் கொக்கியில்தான் பத்திரிகை தொங்கியது.

டீச்சருக்குக் கல்யாணம் ஆகவில்லை. படுத்த படுக்கையாக இருந்த தாயாரோடு இருந்தார். மேகலை அப்போது அவரிடம் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

"திங்கக்கிழமை கரும்பலகையில எவனோ பெரிசா 'யார்?'னு எழுதி வச்சிருந்தான்ங்க அப்பா. டீச்சர் அழிச்சிட்டுப் பாடம் நடத்துனாங்க. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. அவங்க மட்டும் பார்க்கலை. என் நோட்டை எப்பவும் போலத் திருத்திக் குடுத்தாங்க. நான் கணக்குல தொண்ணூத்தாறு வாங்குனது அவங்களாலதான்."

"கண்ணு, வேற யார் வீட்டுக்கு வேணாப் போறேன்..."

"நீங்க போய்க் குடுத்தா என்னைத் தாரை வார்த்துக் குடுக்கறது நீங்க. இல்லாட்டி சித்தப்பா குடுப்பாரு. நான் சித்தப்பாகிட்டச் சொல்லிட்டேன்."

அழவும் இல்லை, கத்தவும் இல்லை. கணக்கு டீச்சரின் மாணவி. சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

தணிகாசலம் நேரே சாமியிடம் போனார்.

"சாமி, ஏதாச்சும் பரிகாரம் சொல்லுங்க. ஒரு மண்டலம் மௌன விரதம் இருக்கட்டுங்களா?"

"இருபது நாள்ல கல்யாணம். மௌன விரதம் இருந்தா 'வாங்க வாங்க'ன்னு யார் சொல்லுவாங்க?"

"பாத யாத்திரை போகட்டுங்களா?"

"தாராளமா. வாய்க்கால் தெரு இங்கிருந்து நாலு மைல்."

அதற்கு மேல் அவர் வேறெந்த விரதத்தைப் பற்றியும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே போனார். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டார். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், பத்திரிகை. டீச்சர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. கூப்பிட்டார். ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"யாருங்க?"

"நான்... மேகலையோட அப்பாங்க டீச்சர்."

"சொல்லுங்க."

"பத்திரிகை கொண்டாந்திருக்கேனுங்க."

திரை விலகியது. நரைத்த தலை, கண்ணாடி, அந்தப் பழைய நேர்ப்பார்வை.

"இன்னுமா நடத்தறீங்க?"

தணிகாசலம் பதறிப்போனார். "ஐயோ, அந்தப் பத்திரிகை இல்லீங்க டீச்சர்! இது மஞ்சள் பத்திரிகை!"

சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே விழுந்தது.

"அதான் தெரியுமே," என்றார் டீச்சர்.

"இல்லீங்க... மஞ்சள் தடவின... கல்யாணம்..."

"கேளுங்க. பதினாலு வருஷத்துக்கு முன்னால கொட்டை எழுத்துல ஒரு கேள்வி கேட்டீங்க. கேள்வியை மட்டும் எழுதிட்டு விடை எழுதாமப் பேப்பரைக் கட்டிக் குடுக்கற பிள்ளைங்களை நான் வெளிய விட்டதே இல்லை. விடை எழுதிக் கொண்டாங்க. மத்ததை அப்புறம் பேசலாம்."

ஜன்னல் சாத்திக்கொண்டது. தாம்பாளத்தோடு அவர் நாலு மைல் திரும்பி நடந்தார். வழியில் பசித்தது. வாழைப்பழத்தைச் சாப்பிட்டுவிட்டார்.

நடந்ததைக் கேட்டுச் சாமி சிரித்த சிரிப்பில் கூரை மேலிருந்த புறா பறந்துபோனது. 'மஞ்சள் பத்திரிகை' என்ற இடத்தை மட்டும் இரண்டாம் தடவை சொல்லச் சொன்னார். தணிகாசலம் சொன்னார். முதலில் அழுகிற முகத்தோடு தொடங்கியவர், பாதியில் தானும் சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் சாமி கேட்டார்.

"விடை என்னங்க?"

"எந்த விடை?"

"அந்த ஆசாமி யாரு?"

"தெரியாதுங்க."

"கேட்டீங்களா?"

"ஊரையே கேட்டேனே, முதல் பக்கத்துல."

"டீச்சரைக் கேட்டீங்களா? எதிர் வீட்டைக் கேட்டீங்களா?"

"கேட்டா சேதி போயிருமுங்களே சாமி. பதில் தெரிஞ்சா அப்புறம் கேள்வி எங்க இருக்கும்?"

தணிகாசலத்துக்குத் தான் சொன்னதே ஒரு மாதிரியாக இருந்தது.

மறுநாள் அவர் மறுபடியும் வாய்க்கால் தெருவுக்குப் போனார். எதிர் வீட்டில் ஒரு அம்மாள் முறத்தில் கடலை புடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கம்மா, ஒரு சேதி. ரொம்ப வருஷம் முன்னால, டீச்சர் வீட்டுக்கு இருட்டுற நேரத்துல ஒருத்தர் வருவாரே..."

"கம்பவுண்டரா?" என்றார் அந்த அம்மாள், முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "ரங்கநாயகம் கம்பவுண்டரு. டீச்சரம்மாவோட அம்மாவுக்குச் சர்க்கரை ஊசி போட வருவாரு. ஏன், உடம்புக்கு யாருக்காச்சும் முடியலியா?"

அவ்வளவுதான். பதினான்கு வருஷத்துக் கேள்விக்கு விடை கிடைக்க, ஒரு முறம் கடலை புடைக்கிற நேரம்கூட ஆகவில்லை.

ரங்கநாயகம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மருந்துக் கடை வைத்திருந்தார். மேஜைக்குப் பின்னால் முக்காலி போட்டு அதன் மேல் நின்று மேல் தட்டிலிருந்து மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். ஐந்தடிக்கு ஓரங்குலம் குறைவான மனிதர்.

"ஆசிரியர் ஐயாவா! வாங்க, வாங்க. உங்க இடுப்புல நான் போட்ட ஊசிக்குக் கணக்கே இல்லை. இன்னும் அந்த முதுகுவலி இருக்குதுங்களா?"

தணிகாசலம் விஷயத்தைச் சொன்னார். கம்பவுண்டருக்குச் செய்தி நன்றாக நினைவிருந்தது.

"படிச்சேனுங்க! வாராவாரம் நான் கண்கொத்தி விடமாட்டேனே. ஆறடி மர்ம ஆசாமி! யாரா இருக்கும்னு எனக்கே ரொம்ப நாள் மண்டைக் குடைச்சல். நாமதான் தெனமும் அந்த வீட்டுக்குப் போறோமே, ஒரு நாள்கூடக் கண்ணுல படலையேன்னு..."

பேச்சு அங்கேயே நின்றது. கம்பவுண்டர் முக்காலியிலிருந்து மெதுவாக இறங்கினார்.

"அட ராமா! அந்த ஆசாமி நான்தானுங்களா?"

"நீங்கதானுங்க."

முதலில் சிரித்தார். கடைக்கு வந்திருந்தவரிடமும் சொல்லிச் சிரித்தார். அப்புறம் சிரிப்பு அடங்கியது.

"அந்த வாரந்தானுங்க டீச்சர் என்னை வர வேண்டாம்னுட்டாங்க. ஏன்னு சொல்லலை. ஊசி போடறதை மட்டும் சொல்லிக் குடுங்கன்னாங்க. இந்தக் கடைக்கே வந்து, ஆரஞ்சுப் பழத்துல குத்திக் குத்திப் பழகுனாங்க. பெத்த தாய் உடம்புல குத்தணுமே. அப்புறம் ஆறு வருஷம், அந்தம்மா போற வரைக்கும், அவங்களேதான் போட்டாங்க." கண்ணாடி அலமாரியைத் துணியால் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. "அப்பவே ஒரு வார்த்தை என்கிட்ட வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே ஐயா."

தணிகாசலம் பத்தொன்பது வருஷத் தொழிலில் யாரிடமும் கேட்காத ஒன்றை அவரிடம் கேட்டார்.

"உங்க பேரைப் பத்திரிகையில போடலாமுங்களா?"

"தாராளமாப் போடுங்க," என்றார் கம்பவுண்டர். "உயரத்தையும் சரியாப் போடுங்க."

கண்கொத்தியை அச்சடித்த முருகையன்தான் மேகலையின் கல்யாணப் பத்திரிகையையும் அச்சடித்தவர். தணிகாசலம் காகிதத்தை நீட்டியதும் அவர் முகம் பிரகாசமானது.

"மறுபடியும் ஆரம்பிக்கறீங்களா அண்ணா?"

"ஒரே ஒரு இதழ். ஒரே பக்கம். அன்னைக்குத் தலைப்பு என்ன அளவுல போட்டியோ அதே அளவு."

திருத்திப் பார்க்க மெய்ப்பு வந்தது. மேலே கண்கொத்தியின் பழைய பாம்புப் படம். கீழே கொட்டை எழுத்தில்: 'மர்ம ஆசாமி கம்பவுண்டர் ரங்கநாயகம்?'

"முருகையா, இதென்ன?"

"என்னங்கண்ணா?"

"கேள்விக்குறி."

முருகையன் நாக்கைக் கடித்துக்கொண்டார். "கை பழக்கமுங்க. உங்க தலைப்புன்னாலே அது தானா வந்து உக்காந்துக்குது."

"எடுத்துரு. முற்றுப்புள்ளி வை."

"தலைப்புக்கு யாருங்கண்ணா முற்றுப்புள்ளி வைப்பாங்க?"

"நான்."

தலைப்புக்குக் கீழே ஒரே பத்தி. 'பதினான்கு வருஷத்துக்கு முன் இந்தப் பத்திரிகை கேட்ட கேள்விக்கு விடை. வந்தவர் தையல்நாயகி டீச்சரின் தாயாருக்கு ஊசி போட வந்த கம்பவுண்டர். உயரம் ஆறடி அல்ல, ஐந்தடிக்கு ஓரங்குலம் குறைவு. இதைத் தெரிந்துகொள்ள எதிர் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை. அதனால் டீச்சர் தன் தாயாருக்குத் தானே ஊசி குத்த வேண்டி வந்தது. தப்பு என்னுடையது. தணிகாசலம், ஆசிரியர்.'

மறுநாள் களத்தோரம் மீதிக் கல்யாணப் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவ மேகலை வந்தாள். அப்பாவுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டு இருந்தது. ஒன்றை எடுத்துப் படித்தாள். படித்து முடித்ததும் மஞ்சள் கிண்ணத்தை அப்பா பக்கம் நகர்த்தினாள்.

"இதுக்குமா கண்ணு?"

"பத்திரிகைதானுங்களே?"

தணிகாசலம் கட்டைவிரலைத் தொட்டு நாலு மூலையிலும் வைத்தார். இந்தத் தடவை ஓர் எழுத்தும் மறையவில்லை.

முதல் பிரதியை டீச்சரிடம் கொண்டுபோனார். கதவு பாதி திறந்தது. டீச்சர் நின்றபடியே படித்தார். ஒரு தடவை. மறுபடியும் முதலிலிருந்து ஒரு தடவை. பிறகு உள்ளே திரும்பிச் சுவரில் மாட்டியிருந்த தாயாரின் படத்தைக் காட்டினார்.

"சத்தமாப் படிங்க. அம்மாவுக்குக் கண்ணு தெரியாது."

தணிகாசலம் வாசலில் நின்று சத்தமாகப் படித்தார். 'தானே ஊசி குத்த' என்ற இடத்தில் வரியைத் தவறவிட்டுத் தேடினார். டீச்சர் காத்திருந்தார். எதிர் வீட்டு அம்மாள் முறத்தோடு வாசலுக்கு வந்து நின்றார். கடைசி வரை படித்தார்.

டீச்சர் உள்ளே போய்ச் சிவப்புப் பேனாவோடு வந்தார். காகிதத்தின் ஓரத்தில் ஏதோ எழுதித் திருப்பிக் கொடுத்தார். பத்துக்கு ஏழு.

"மூணு எங்கீங்க டீச்சர் போச்சு?"

"தாமதம்."

"இதை ஊருக்குக் குடுக்கலாமுங்களா? நீங்க வேண்டாம்னா எரிச்சிருவேன்."

"குடுங்க. கேள்வியை ஊருக்கே குடுத்தீங்க. விடையை எனக்கு மட்டும் குடுத்தா எப்படி?" கையை நீட்டினார். "மேகலை பத்திரிகை எங்க?"

கொடுத்தார். வெற்றிலை, பாக்கு, பழம். பழம் இந்தத் தடவை புதிது.

"முகூர்த்தத்துக்கு வர்றேன். மேகலைக்காக," என்றார் டீச்சர். "உங்களுக்காக இல்லை."

"அது போதுமுங்க டீச்சர்."

அடுத்த ஆறு நாளும் தணிகாசலம் சென்னியூரைத் தெருத்தெருவாகச் சுற்றினார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் செருப்பைக் கழற்றினார். மஞ்சள் வைத்த கண்கொத்தியை இரண்டு கையாலும் கொடுத்தார். வாங்கிய சிலர் மூலையிலிருந்த மஞ்சளைப் பார்த்ததும் கண்ணை அகல விரித்தார்கள்.

"அடேங்கப்பா! டீச்சருக்கும் கம்பவுண்டருக்கும் கல்யாணமுங்களா?"

"இல்லீங்க, இல்லீங்க. படிச்சுப் பாருங்க. ஒரே பத்திதான்."

அவர்கள் படித்து முடிக்கிற வரை நகரவில்லை. படித்துவிட்டுச் சிலர் திட்டினார்கள். சிலர் காபி கொடுத்தார்கள். ஒருவர் முதலில் திட்டிவிட்டு, "அப்படியே எங்க பெரியப்பனைப் பத்தி ஒண்ணு போட்டீங்களே, அதுக்கு எப்ப வர்றீங்க?" என்று கேட்டார். தணிகாசலம் அந்த வீட்டு எண்ணைக் குறித்துக்கொண்டார்.

ஆறாம் நாள் மத்தியானம் மடத்துக்குத் திரும்பினார். மேகலை முன்பே வந்து அவருக்காகக் காத்திருந்தாள். முகூர்த்த வேட்டி கொண்டுவந்திருந்தாள். அப்பா இடுப்புக்கு வைத்து அளவு பார்த்தாள்.

"இது அப்பா கட்டறதுங்க. சித்தப்பாவுக்கு வேற எடுத்துட்டேன்," என்றாள்.

தணிகாசலம் வேட்டியைத் தொடலாம் என்று கையை நீட்டி, விரலெல்லாம் மஞ்சளாக இருந்ததால் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

சாமி கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மிஞ்சிய ஒரே ஒரு கண்கொத்தியை அவர் முன் வைத்துவிட்டுத் தணிகாசலம் எதிரே உட்கார்ந்தார். சாமி படித்தார். ஐந்தடிக்கு ஓரங்குலம் குறைவு என்ற இடத்தில் தோள் குலுங்கியது. பாராவை முடித்த பிறகு சிரிப்பில்லை. தாளை விரித்தபடியே மடியில் வைத்துக்கொண்டார்.

"சாமி, அன்னைக்கு நான் கேட்டதுக்கு நீங்க அமெரிக்காக் கதை சொன்னீங்க. பேர் எப்படி வந்துச்சுன்னு புரிஞ்சுது. நான் கேட்டது அது இல்லீங்களே."

"என்ன கேட்டீங்க?"

"மஞ்சள் என்ன பாவம் பண்ணுச்சுன்னு."

சாமி தாளை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தார். நாலு மூலையிலும் நாலு கட்டைவிரல் ரேகை. நடுவில் கறுப்பு எழுத்து, கடைசிப் புள்ளி வரை தெளிவாக இருந்தது.

"மஞ்சள் ஒரு பாவமும் பண்ணலீங்க ஆசிரியரே," என்றார். "பத்தொன்பது வருஷமா நீங்க தடவின இடந்தான் தப்பு."